கடைக்கு நடுவே ஒரு சுவர்

கடுகண்ணாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி அழகமுத்து ஸ்டோர்ஸ் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். அப்படியொன்றும் பெரிய கடை இல்லை. அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா, தேங்காயெண்ணெய், டின் மீன் என்று எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாமான்தான். ஆனால் ஊரைத் தாண்டி ஆட்கள் தேடி வந்தது ஒரே ஒரு சாமானுக்கு. அது கறித்தூள். அதை வறுத்ததும் திரித்ததும் கலந்ததும் அழகமுத்துவின் பெண்சாதி பரிமளம். நிறுத்து விற்றது அழகமுத்து. பேர் வாங்கியதும் அழகமுத்துதான்.

பத்தொன்பது வருசமாகக் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டிலில்தான் அவள் பிழைப்பு. விறகடுப்பு, வறுக்கிற பெரிய தாச்சி, அரைக்கிற மெஷின், மூக்கை மூடக் கட்டிய துணி. முன்னால் வராதே என்று யாரும் அவளைத் தடுத்ததில்லை, அது உண்மை. வா என்றும் யாரும் சொல்லவில்லை, அதுவும் உண்மை. மாவனல்லையில் கல்யாணச் சமையல் எடுக்கும் சகீனாவுக்குப் புரியாணித் தூளில் ஏலம் கூட வேண்டும். பேராதனை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் இராஜகுமாரிக்கு மல்லி தூக்கலாக வேண்டும். பலா சமைக்கிற சிங்கள வீடுகளுக்குக் கறுக்க வறுத்த தூள் வேண்டும். யாருக்கு எது என்பது பரிமளத்துக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஆட்களில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது. அழகமுத்து வந்து சொல்லுவார், இவள் கலந்து கொடுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சீவியத்தில்தான் இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு மே மாதம் வற் என்கிற பெறுமதி சேர் வரி வந்து விழுந்தது.

வரி என்ன புதுசா என்று கேட்பீர்கள். புதுசு இல்லைதான். அதுவரை அது பெரிய கடைக்காரர்களின் தலைவலி. இந்த முறை வீதத்தைப் பதினைந்துக்கு ஏற்றியதோடு நிற்காமல், மூன்று மாதத்தில் முப்பது லட்சத்துக்கு மேல் விற்கிற சில்லறைக் கடையும் பதிய வேண்டும் என்று எல்லையை இறக்கிவிட்டார்கள். முப்பது லட்சம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். அது லாபம் இல்லை, விற்பனை. சீனியில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் நின்றால் பெரிய காரியம். பருப்பில் மூன்று. ஒரு நாளைக்கு நாற்பதாயிரத்துக்கு விற்கிற மனுசன் ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோவது பிள்ளை படிப்புக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாக இருக்கும். அவனைப் பிடித்து நீ பெரிய வியாபாரி, பில் புத்தகம் போடு, வரியைச் சேர்த்து விற்று எங்களுக்குக் கட்டு என்றால் அவன் எங்கே போவான்? வரியைச் சேர்த்து விற்றால் சனம் நாலு எட்டு நடந்து சின்னக் கடைக்குப் போய்விடும். சேர்க்காமல் விற்றால் கைக்காசில் கட்ட வேண்டும்.

அழகமுத்து ஒரு கிழமை, ஏழு நாளும், சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல மனுசன், அதையும் சொல்ல வேண்டும். குடி இல்லை, கூத்து இல்லை, கடனுக்குச் சாமான் கேட்டு வந்தவரை முகம் சுளித்து அனுப்பியதில்லை. பயம் மட்டும் கொஞ்சம் கூட. அரசாங்கக் கடிதம் வந்தால் உடைக்கும் முன்பே வியர்க்கும். ஊரெல்லாம் கடையை மூடிக் கறுப்புக் கொடி கட்டிய நாளில் இவரும் மூடினார். மறுநாள் திறந்தபோது வரி அப்படியேதான் இருந்தது.

வழி சொன்னது தாஸிம் நானா. கடைத்தெருவில் பாதிப் பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். கடையை ரெண்டாக்குங்கள் என்றார். மளிகைச் சாமான் ஒரு பக்கம், தூள் வகை மறுபக்கம். நடுவில் ஒரு தடுப்பு. அந்தப் பக்கத்துக்குத் தங்கச்சி பரிமளத்தின் பேரில் வியாபாரப் பதிவு. ரெண்டு கடை, ரெண்டு முதலாளி, ரெண்டு பேருமே எல்லைக்குக் கீழே. ஆனால் பேருக்கு ரெண்டு என்று இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், தனித்தனியாக நடத்த வேண்டும் என்று கண்டிப்பாகவும் சொன்னார். அழகமுத்து முதல் பாதியைத்தான் கேட்டார். அவருக்கு அப்போதே பசித்தது.

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது. நான் முதலாளியா என்று கேட்டாள். கடுதாசியில் மட்டும்தான், பயப்படாதே என்றார் புருசன். பிரதேச செயலகத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். ரெண்டே நாளில் தச்சு பாஸ் வந்து நடுக்கடையில் பலகை அடித்தார். பின்பக்கம் ஆள் போய்வர ஒரு இடைவெளி விட்டு அதில் சீலைத்துணியைத் தொங்கவிட்டார்கள். முன்னால் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரு போர்ட். பரிமளம் ஸ்டோர்ஸ். அதை ஆணியடித்து மாட்டிய அன்றைக்கு அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். ஏதோ மறந்துபோன சாமானை எடுக்கப் போனவள் மாதிரி போனாள். வெட்கமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் வந்ததற்குப் பிறகு தன் பேரை அச்சில் அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் மாதம் அது கடையா, நாடகமா என்று கேட்டால் நாடகம்தான். பரிமளம் முன்னால் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். யாராவது விலை கேட்டால் அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பத்தொன்பது வருசமாக விலை அழகமுத்துவின் வாயில் இருந்தது. அதனால் தடுப்பைப் பார்த்துக் குரல் கொடுப்பாள், அந்தப் பக்கமிருந்து பதில் வரும். வாங்கின காசைச் சீலையை விலக்கிப் புருசனின் மேசை லாச்சியில் கொண்டுபோய்ப் போடுவாள். வந்த சனத்துக்கு அது வேடிக்கை.

ஜூன் மாதம் ஒரு நாள் பகல், தோளில் பையும் கையில் ஃபைலுமாக ஒரு இளம்பெண் வந்தாள். வரிக் கந்தோரில் இருந்து வருகிறேன், கடைகளைப் பார்த்துப் போகத்தான் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னாள். பரிமளத்தின் சிங்களம் ஒன்றும் மோசமில்லை. இது யார் கடை என்று கேட்டதற்கு என் கடைதான் என்றாள். எப்போது பதிந்தது என்றதற்கும் சரியாகச் சொன்னாள். எல்லாம் அழகாகப் போனது. புறப்படும்போது அந்தப் பெண், வந்ததுதான் வந்தேன், வீட்டுக்குக் கொஞ்சம் செத்தல் கொச்சிக்காய் வாங்கிப் போகிறேன், கிலோ என்ன விலை என்று கேட்டாள்.

பரிமளத்தின் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

"என்னாங்க, கொச்சிக்கா கிலோ என்னா வெலை?"

"முன்னூத்தி எண்பது!" என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து உற்சாகமாக வந்தது பதில்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்ததைப் புரிந்துகொள்ள எந்தப் பாசையும் தேவையில்லை. தடுப்பைப் பார்த்தாள், தொங்கிய சீலையைப் பார்த்தாள், பிறகு பரிமளத்தைப் பார்த்தாள். பரிமளத்துக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாட்டிக்கொண்டோமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, நாற்பத்தாறு வயசில் தன் கையால் வறுக்கிற மிளகாயின் விலை தனக்குத் தெரியவில்லையே என்ற மானக்கேடு மறுபக்கம். அந்தப் பெண் ஃபைலில் ஒன்றும் எழுதவில்லை. கால் கிலோ வாங்கிக் காசைக் கொடுத்தாள். அக்கா, கடை உங்களுடையது என்றால் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேணும், அடுத்த முறையும் நான்தான் வருவேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அழகமுத்து இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, பரிமளம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாக்கையும் காட்டி இது என்ன விலைக்கு வாங்கினது, யாரிடம் வாங்கினது, என்ன விலைக்கு விற்கிறது என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதும்போதே அவளுக்குச் சில விசயங்கள் விளங்கிவந்தன. மனுசன் பத்தொன்பது வருசமாக ஒரே மொத்தக் கடையில் அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கியிருக்கிறார். மோந்து பார்த்து வாங்கத் தெரியாது. பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் கலந்து தலையில் கட்டியிருக்கிறார்கள். போன வருசம் தூளில் மணம் வரவில்லை என்று தாச்சியைப் போட்டு நான் பாடாய்ப் படுத்தினேனே, கோளாறு தாச்சியில் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் மாத்தளைக்குப் போனாள். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. மொத்தக் கடையில் இருந்தவர்கள் முதலாளி வரவில்லையா என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் கிடந்த மல்லியை அள்ளி மோந்தாள். மூன்று சாக்கைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தாள். அவர்களுக்கும் புரிந்துவிட்டது, இது கண்ணில் மண் தூவக்கூடிய ஆள் இல்லை என்று.

பிறகு நடந்ததை என்னத்தைச் சொல்ல. தனக்கென்று ஒரு லாச்சி செய்வித்தாள். அதன் சாவியை ஊசிப் பின்னில் கோர்த்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். சகீனா முதல் தடவையாக அவளை நேரில் பார்த்தபோது, இவ்வளவு நாளும் என் கைமணம் என்று ஊரை ஏமாத்தித் திரிஞ்சது உங்கட தூளை வெச்சுத்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் இராஜகுமாரி ஆஸ்பத்திரியில் இருந்து பத்துப் பேரின் ஓடரை எழுதிக்கொண்டு வந்தாள். சனத்தின் வாயில் முதலாளியம்மா என்ற பேர் எப்படி வந்ததோ தெரியாது, ஒட்டிக்கொண்டது. பரிமளம் பத்தொன்பது வருசமாகச் சிரிக்காததை எல்லாம் அந்த ஒரு மாதத்தில் சிரித்துத் தீர்த்தாள். யாராவது அவளிடம் விலை கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அந்த ஃபைல்காரப் பெண் எப்போது வருவாள் என்றுகூடக் காத்திருந்தாள்.

வந்தது அவள் இல்லை. வந்தது ரேடியோச் செய்தி. ஜூலை மாதம், அந்த வரிச் சட்டத்தைச் செய்தவிதம் சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பழைய வீதம், பழைய எல்லை.

அழகமுத்துவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் ஒரு சோடா. அப்படியே போய்த் தச்சு பாஸைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். பரிமளம் கொட்டிலில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது பாதிப் பலகை கீழே கிடந்தது. இனி நீ கஷ்டப்படத் தேவையில்லை, ரெண்டு மாதமாக மாடா உழைச்சிட்ட என்று அவர் சிரித்த முகமாகச் சொன்னார். அந்த முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாகப் போனது. வஞ்சகம் செய்கிறவனிடம் சண்டை போடலாம். உன் நன்மைக்குத்தான் என்று நம்பிச் செய்கிறவனிடம் என்ன பேசுவது?

கொட்டிலில் மல்லி கருகும் வாசம் வந்தது. அவள் திரும்பிப் போனாள். அத்தனை வருசத்தில் அவள் கருகவிட்டது அந்த ஒரு தாச்சிதான்.

அடுத்த நாள் அரிசிச் சாக்கு எடுக்கப் போனபோதுதான் பார்த்தாள். கடுகண்ணாவை மழைக்குச் சிமெந்துத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், சாக்கை வெறுந்தரையில் வைக்க முடியாது. அதனால் அடியில் பலகை போடுவார்கள். அவளுடைய போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஆறு சாக்கு அரிசியை அடுக்கியிருந்தார் அழகமுத்து. பச்சை விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. பரிமளம் அழவில்லை.

ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர். அவள் பழையபடி கொட்டிலுக்குள். புருசன் பழையபடி மாத்தளை மொத்தக் கடைக்குப் போன் போட்டுச் சாமான் எடுத்தார். தூளின் மணம் இறங்கியது. சகீனா ஒரு நாள் வந்து, கடைக்குள் எட்டிப் பார்த்து, முதலாளியம்மா எங்கே என்று கேட்டாள். பின்னால இருக்கு என்றார் அழகமுத்து. அதைக் கேட்டபடி தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள் பரிமளம். இருக்காம், சாமானைச் சொல்கிற மாதிரி. லாச்சி உடைந்து விறகோடு விறகாகப் போயிருந்தது. சாவி மட்டும் இன்னும் அவள் கொடியில் தொங்கியது. குளிக்கும்போது நெஞ்சில் குளிர்ந்து படும். கழற்ற மனம் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கி ஒக்டோபர் கடைசியில், பாராளுமன்றத்தில் அதே வரியை முறையாக நிறைவேற்றிவிட்டார்கள். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து அமுல். அதே பதினைந்து, அதே முப்பது லட்சம்.

அழகமுத்துவுக்கு மறுபடி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இந்த முறை வழி தெரியுமே. சாக்குகளைத் தள்ளிப் போர்டை இழுத்து எடுத்தார். மூன்று மாத ஈரத்தில் வெள்ளை எழுத்துப் பாதி உரிந்து தரையோடு போயிருந்தது. அதைத் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொட்டிலுக்கு வந்தார்.

"நாளைக்கு பாஸை வரச் சொல்லியிருக்கேன். பலகையெல்லாம் பத்திரமா இருக்கு. நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

பரிமளம் அடுப்பைத் தணித்தாள். மூக்குத்துணியை அவிழ்த்தாள். இந்த மனுசன் முடியாது என்றால் அதோடு சரி, சாகும்வரை இந்தக் கொட்டில்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"பலகை வேணாங்க. கல்லு வெச்சுக் கட்டுங்க. கட்டினா கையெழுத்துப் போடுறேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. நாளைக்குச் சட்டம் மறுபடி மாறினால் கல்லை என்ன செய்வது என்று கேட்டார். மாறட்டும் என்றாள். கடைக்கு நடுவே சுவர் கட்டினால் ஊர் என்ன பேசும், புருசன் பெண்சாதி பிரிந்துவிட்டார்கள் என்று சிரிப்பார்கள் என்றார். சிரிக்கட்டும் என்றாள். சத்தம் போட்டார். சத்தம் போட்டு அவருக்குப் பழக்கம் இல்லாததால் ரெண்டு வசனத்தில் இருமல் வந்துவிட்டது. அவளே தண்ணீர் கொடுத்தாள்.

ரெண்டு நாள் கழித்து அழகமுத்து தாஸிம் நானாவிடம் போய் முறையிட்டார். அவர் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய். கல்லுச் சுவர்தான் நல்லது, நான் அப்பவே தனித்தனியா நடத்துங்கன்னு சொன்னேனே, தங்கச்சிக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கலையே என்றாராம். வெளியில் போன ஓடர்களைக் கேட்டார், கடையில் எவ்வளவு தூள் விற்கிறது என்று கேட்டார், அவள் இருந்த ரெண்டு மாதத்தையும் இல்லாத மூன்று மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். அழகமுத்து அந்தக் கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவந்தார்.

அன்று பின்னேரம் மழை. கடையில் ஆள் இல்லை. அழகமுத்து கொட்டில் வாசலில் வந்து நின்றார். அந்த உரிந்த போர்டைப் பரிமளம் மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். கண்டதும் அவருக்கு எதுவோ சுட்டிருக்க வேண்டும். கீழே குந்தினார்.

"எனக்கு நீ பக்கத்துல இருக்கன்னு ஒரு தைரியம். சுவர் கட்டிட்டா நீ அந்தப் பக்கம் போயிருவியேன்னுதான் பயமா இருக்கு."

அத்தனை வருசத்தில் அவர் பயமாக இருக்கிறது என்று வரிக்கு மட்டும்தான் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். பாவம் இந்த மனுசன் என்று நினைத்தாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் ஒங்க பக்கத்துல எங்கங்க இருந்தேன்? பத்தொன்பது வருசமா பின்னாலதான் இருந்தேன். இப்பதான் பக்கத்துல வரேங்கிறேன்."

அழகமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து போனார். போனவர் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் மேசன் பாஸோடு திரும்பி வந்து, நடுக்கடையை அளக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. பாஸ் அளவுநாடாவை மடக்கிவிட்டு, போய்வர வாசல் எங்கே வைக்க என்று கேட்டார். அழகமுத்து பரிமளத்தைப் பார்த்தார். வாசல் வேண்டாம், ரெண்டும் வேறு வேறு கடை என்றாள் அவள்.

"அப்ப தேத்தண்ணி?" என்றார் அழகமுத்து. பின்னேரம் மூன்று மணிக்கு அவள் போட்டுக் கொடுக்கும் தேத்தண்ணி இல்லாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பை போக ஒரு சின்னச் சன்னல் வையுங்கள் பாஸ் என்றாள்.

அப்படித்தான் அந்தச் சுவர் எழும்பியது. முகட்டுத் தகரம் வரை செங்கல். நெஞ்சு உயரத்தில் கோப்பையும் சோஸரும் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கு ஒரு மரக்கதவு. ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. அந்த ஃபைல்காரப் பெண் தை மாதம் வந்தாள். சொன்னபடியே கொச்சிக்காய் விலை கேட்டாள். பரிமளம் மூன்று தரத்துக்கும் மூன்று விலை சொன்னாள், எது எதற்கு நல்லது என்றும் சொன்னாள், விட்டால் அன்றைக்கு முழுவதும் சொல்லியிருப்பாள். அந்தப் பெண் அரைக் கிலோ வாங்கினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. ரெண்டு வருசத்தில் ஹோட்டல் ஓடரும் கல்யாண ஓடருமாகப் பரிமளத்தின் விற்பனை அந்த முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. வரிக்குத் தப்பக் கட்டிய சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவளே வரி கட்டுகிறவள் ஆனாள். எங்காவது இன்னும் ரெண்டாக உடைத்துப் பார்ப்போமா என்று புருசன் கேட்டார். அவள் கேட்கவில்லை. தாஸிம் நானாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். பில் புத்தகம் போட்டாள், பில் வேண்டாம் என்றவர்களுக்கும் கிழித்துக் கொடுத்தாள். கஷ்டம்தான். விலை ஏறியதும் நாலைந்து வாடிக்கைகள் கழன்றுகொண்டன, ஒரு ஹோட்டல் ஒரேயடியாக நின்றுபோனது. மாதக் கடைசியில் அவளும் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். புருசன் அந்த நாளில் சாப்பிடாமல் இருந்தது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. ஆனால் பதிவுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். அதில் அவள் பேர் இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது கார்த்திகைக் கடைசி. பின்னேரம் மூன்று மணி. பரிமளம் தேத்தண்ணியைச் சன்னல் வழியாக நீட்டினாள். அழகமுத்து உடனே வாங்கவில்லை. அந்தப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

வரியைக் குறைத்துவிட்டார்களாம், நூற்றுக்கு எட்டுத்தானாம் என்றார். எல்லையையும் ஏற்றிவிட்டார்களாம். வருசத்துக்கு முப்பது கோடியாம். நம்மளை மாதிரிக் கடைக்கு இனி வற் இல்லையாம்.

பரிமளம் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். முப்பது கோடி. ரெண்டு கடையையும் சேர்த்துப் பத்துத் தரம் விற்றாலும் அங்கே போய்ச் சேராது. இனி இந்தச் சுவருக்குக் காரணம் இல்லை. கடுதாசிப்படி ஒரு காரணமும் இல்லை. போன தடவை ரேடியோ இப்படிச் சொன்ன அன்றைக்கு ஆணி பிடுங்கிய சத்தம் அவளுக்குக் காதுக்குள் கேட்டது. கை தானாகக் கொடியில் இருந்த சாவியைத் தொட்டது. கேட்டால் என்ன சொல்வது என்று வாய்க்குள் வசனத்தை அடுக்கினாள். சண்டை போட மாட்டேன், ஆனால் விட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அழகமுத்து கோப்பையை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். அவசரமே இல்லாத குடி. குடித்து முடித்துச் சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பூச்சு கையோடு வந்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குப் பெயின்ட் அடிக்க ஆளு வருது. ஒன் பக்கத்துக்கு என்னா கலரு?"

பரிமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மஞ்சள் என்றாள். தன் பக்கத்துச் செலவு தன்னுடையது என்றும் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டினார். முன்னால் ஒரு அம்மா பலாக்காய்க்கு வறுத்த தூள் கேட்டு வந்து நின்றாள், பரிமளம் சன்னல் கதவைச் சாத்திவிட்டு நிறுக்கப் போனாள்.